பால் வருவது ஒரு விஷயமே இல்லை: வீட்டு ஆடுகளுக்கான கறவை மெஷின்கள் பற்றி

இரண்டு மூன்று ஆடு வைத்திருப்பவர்களைக் குறிவைத்து விற்கப்படும் சின்னக் கறவை மெஷின்களின் விளம்பரங்களில் எப்போதும் ஒரே காட்சிதான். காம்பில் கப்பை மாட்டுகிறார்கள். ட்யூபில் வெள்ளையாகப் பால் ஓடுகிறது. ஜாடி நிரம்புகிறது. முடிந்தது. பால் நின்ற பிறகு காம்பு எப்படி இருந்தது என்று காட்ட மாட்டார்கள். அந்த ட்யூபை யார், எந்தத் தண்ணீரில், எவ்வளவு நேரம் கழுவினார்கள் என்பதும் வராது. ஒரு மெஷின் வாங்கத் தகுந்ததா இல்லையா என்பதை முடிவு செய்வது அந்த இரண்டு காட்டப்படாத விஷயங்கள்தான் என்பது என் கருத்து. பால் வருதாங்கறது கேள்வியே இல்லை. உறிஞ்சினா வரும்.

அதுவும் ஆட்டில் ரொம்பச் சுலபமாக வரும். பசுவின் மடியில் ஒரு நேரத்தில் சேர்ந்திருக்கும் பாலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலே இருக்கும் பொதுத் தேக்க அறையில் தயாராக நிற்கும். மீதி சின்னச் சின்னப் பால் பைகளில் இருக்கும். ஹார்மோன் சுரந்து அதைக் கீழே தள்ள வேண்டும். ஆட்டில் கணக்கு தலைகீழ். முக்கால் பங்கு வரைக்கும் தேக்க அறையிலேயே இருக்கும். அதனால் எவ்வளவு மட்டமான மெஷினை வைத்தாலும் முதல் இரண்டு நிமிடம் பால் கொட்டும். விளம்பரப் படம் எடுக்க அந்த இரண்டு நிமிடம் போதும்.

நான் பேசுவது பெரும்பாலும் அமெரிக்கச் சந்தையைப் பற்றி. கொல்லையில் நாலு ஆடு வளர்த்து வீட்டுக்கு வேண்டிய பால், சீஸ், சோப்பு எல்லாம் தாங்களே செய்துகொள்கிற ஒரு பெரிய கூட்டம் அங்கே இருக்கிறது. மத்திய டெக்சஸில் இருக்கும் என் பெரியம்மா மகள் அதில் ஒருத்தர். இரண்டு ஆடு. மணிக்கட்டு நரம்பு அழுத்தம் வந்து, பீச்சி முடிப்பதற்குள் விரல்கள் மரத்துப்போகிற நிலைமை. "எந்த மெஷின் வாங்கட்டும், நீதான் எதையாவது படிச்சுக்கிட்டே இருப்பியே, சொல்லு" என்று அக்கா கேட்டதில் ஆரம்பித்த குறிப்புகள் இவை.

முதலில் காம்பு. காம்பின் மேல் இடைவிடாமல் உறிஞ்சல் இருந்தால், பாலோடு சேர்ந்து இரத்தமும் உடல் நீரும் காம்பு நுனிக்கு இழுக்கப்படும். நுனி வீங்கும், கடினமாகும். நாளாவட்டத்தில் துளையைச் சுற்றித் தோல் தடித்து வளையம் மாதிரி ஆகிவிடும். அப்படியான துளை கறவைக்குப் பிறகு ஒழுங்காக மூடாது. கிருமி உள்ளே போக அதுவே வழி. மடிநோய் பாதிக்கதை இங்கேதான் தொடங்குகிறது. குட்டி குடிக்கும்போது கவனித்துப் பாருங்கள்: உறிஞ்சும், விழுங்கும், மறுபடி உறிஞ்சும். விழுங்குகிற அந்த நொடியில் காம்புக்கு ஓய்வு கிடைக்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமில்லை. 1860-இல் அமெரிக்காவில் எல்.ஓ. கால்வின் என்பவர் கையால் இயக்கும் வேக்குவம் கறவைக் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். 1879-இல் நியூ ஜெர்சியைச் சேர்ந்த அன்னா பால்ட்வின், மடிக்கு ரப்பர் உறை மாட்டிக் கை பம்பால் இழுக்கும் ஒரு கருவிக்கு வாங்கினார். 1889-இல் ஸ்காட்லாந்தில் வில்லியம் மர்ச்லாண்டின் மெஷின் வந்தது. மூன்றிலும் உறிஞ்சல் இடைவிடாதது. மூன்றும் பாலைக் கொண்டுவந்தன. மாடுகளின் காம்புதான் தாங்கவில்லை. 1895 வாக்கில் கிளாஸ்கோவின் அலெக்சாண்டர் ஷீல்ஸ் 'திஸில்' என்ற மெஷினில் உறிஞ்சலை விட்டுவிட்டு வரும்படி செய்தார். பல்சேட்டர் என்று இன்று சொல்வதன் முன்னோடி அது. அடுத்த சில ஆண்டுகளில், 1900-களின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்டர் கில்லிஸ் போன்றவர்களின் கையில் இரட்டை அறைக் கப் உருவானது. வெளியே கெட்டியான கூடு, உள்ளே ரப்பர் லைனர். லைனருக்கு உள்ளே உறிஞ்சல் எப்போதும் இருக்கும். கூட்டுக்கும் லைனருக்கும் நடுவே உள்ள இடத்தில் ஒரு முறை வேக்குவம், ஒரு முறை காற்று. காற்று வரும்போது லைனர் காம்பின் மேல் படிந்து அமுக்கும். நுனியில் சேர்ந்த இரத்தம் மேலே திரும்பும். பசுவுக்கு நிமிடத்துக்கு 60 தடவை, ஆட்டுக்குப் பெரும்பாலும் 90. பெரிய பண்ணையிலும் அடிப்படை இன்று வரை இதுதான்.

இப்போது வீட்டு ஆட்டு மெஷின் சந்தைக்கு வருவோம். மலிவான வகை ஒன்று, பிரேக் ஆயில் இறக்க மெக்கானிக் வைத்திருப்பாரே, அந்த மாதிரிக் கை பம்பு, ஒரு ஜாடி, காம்பில் மாட்ட ஒரு பிளாஸ்டிக் குழல். பல்சேட்டர் கிடையாது. கால்வின் 1860-இல் நின்ற இடத்தில் நாம் நிற்கிறோம், நடுவில் வந்த 160 வருஷமும் நடக்காத மாதிரி. இதற்கு ஒரு நியாயம் சொல்லப்படும்: கேஜைப் பார்த்து அளவோடு பம்பு செய்தால் ஒன்றும் ஆகாது, பால் குறைந்ததும் எடுத்துவிடலாம் என்று. காயம்பட்ட காம்பு, ஒரு நாள் கையில் அடிபட்டது, குட்டிக்குச் சீம்பால் எடுக்கணும் என்கிற மாதிரி அவசரத்துக்கு இதை வைத்துக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். தினம் இரண்டு வேளை, பத்து மாதம் என்றால் அது வேறு கதை.

அடுத்தது மின்சாரத்தில் அல்லது பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி. இதில் 'பல்சேஷன் உண்டு' என்று பெரிதாகப் போட்டிருக்கும். இங்கேதான் வாங்குபவர் ஏமாறுகிறார். பலவற்றில் கப் ஒற்றை அறைதான், லைனர் கிடையாது. பம்பு மொத்த ட்யூபிலும் உறிஞ்சலை நிறுத்தி நிறுத்திக் கொடுக்கிறது. காம்புக்கு ஓய்வு கிடைக்கும், உண்மைதான். ஆனா அமுக்கம் இல்லை. அதோடு, ஒவ்வொரு தடவை காற்று திரும்பும்போதும் ட்யூபில் நிற்கும் பால் காம்பை நோக்கித் திரும்பித் தெறிக்க வாய்ப்பிருக்கிறது. ஒரு பக்க மடியில் கிருமி இருந்தால் மறுபக்கத்துக்குப் போக அது ஒரு பாதை. டக் டக் என்ற சத்தம் மட்டும் ஷீல்ஸின் காலத்தைச் சேர்ந்தது. மற்றதெல்லாம் மர்ச்லாண்டின் காலம்.

மூன்றாவது, நிஜமான இரட்டை அறைக் கப்பும் தனிப் பல்சேட்டரும் உள்ள வாளி மெஷின். விலை பல மடங்கு. 1920-களில் அமெரிக்காவில் பரவிய 'சர்ஜ்' தொங்கு வாளியின் பழைய ஸ்டீல் பாத்திரங்களை வாங்கி, மூடியையும் கப்பையும் ஆட்டுக்கு ஏற்றபடி மாற்றி இன்றும் ஓட்டுகிறார்கள். பார்க்க அழகாக இருக்காது. இயக்கம் சரியான இயக்கம்.

எதை வாங்கினாலும் கேஜ் இல்லாமல் வாங்கக் கூடாது. ஆட்டுக்கு 36 முதல் 40 கிலோபாஸ்கல் வரை போதும்; அமெரிக்கக் கேஜில் சுமார் 11 முதல் 12 அங்குலப் பாதரசம். பசு மெஷின்கள் இதற்கு மேலேதான் வைத்து வரும். ஆட்டு கப்பை மாட்டிவிட்டதாலேயே பசு மெஷின் ஆட்டு மெஷின் ஆகிவிடாது. கப்பின் அளவும் ஒரு பிரச்சினை. தொங்கும் காதும் வளைந்த மூக்குமாக இருக்கும் நூபியன் ஆட்டின் காம்பு பெரிசு (இந்த நூபியனின் மூதாதைகளில் நம்ம ஊர் ஜம்னாபாரியும் உண்டு, ஆப்பிரிக்கப் பெயரை வைத்துக்கொண்டு அலைகிறது). நைஜீரியன் ட்வார்ஃப் என்ற குள்ள ஆட்டின் காம்பு இரண்டு விரல் பிடிக்கே போதாது. அந்தக் குள்ள ஆட்டுக்குப் பெரிய லைனர் போட்டால் காம்போடு மடியின் அடியும் உள்ளே இழுபடும். 'எல்லா ஆட்டுக்கும் பொருந்தும்' என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தால் அதை எந்த ஆட்டுக்கும் சரியாகப் பொருந்தாது என்று படித்துக்கொள்ளலாம்.

இனி கழுவுவது. என் கோபம் அதிகம் இங்கேதான்.

சின்ன மெஷின்களோடு வரும் துண்டுக் காகிதக் கையேடுகளில் அடிக்கடி பார்க்கிற அறிவுரை: 'சூடான சோப்புத் தண்ணீரை உறிஞ்சவிடுங்கள், பிறகு நல்ல தண்ணீர்.' இந்த ஒரு வரியில் மூன்று தப்பு இருக்கிறது. சூடான தண்ணீரை முதலில் விட்டால் ட்யூப் சுவரில் இருக்கும் பால் புரதம் வெந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரை விட்டால் கொழுப்பு உறைந்து ஒட்டும். அதனால்தான் பண்ணை நடைமுறையில் கறந்த கையோடு 38 முதல் 43 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பில், தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசச் சொல்கிறார்கள். உடம்புச் சூட்டை ஒட்டிய தண்ணீர். குழந்தையைக் குளிப்பாட்டும் பதம் என்று சொன்னா யாருக்கும் தெர்மாமீட்டரே வேண்டாம்.

அடுத்தது சோப்பு. பாத்திரம் கழுவும் திரவம் கைக்கு இதமாக இருக்கச் செய்யப்பட்டது. அது வேலை செய்வது தேய்ப்போடு சேர்ந்துதான். வாளியில் பிரஷ் போட்டுத் தேய்க்கிறீர்களா, தாராளமாகப் பயன்படுத்தலாம். ட்யூபுக்குள் யார் தேய்ப்பது? நுரை வேறு வேக்குவத்தில் ஏறிப் பம்புக்குப் போகும். பால் பாத்திரங்களுக்கென்று விற்கப்படும் குளோரின் கலந்த காரச் சோப்பு நுரைக்காது. கொழுப்பைக் காரம் கரைக்கும், புரதத்தைக் குளோரின் உடைக்கும். ஆனால் அது சூட்டை எதிர்பார்க்கிறது. 70 டிகிரிக்குப் பக்கத்தில் ஆரம்பித்து, முடியும்போது 49-க்குக் கீழே போயிருக்கக் கூடாது. போனால் கரைந்த கொழுப்பு மறுபடி படியும். குளிர்கால விடியற்காலையில், சில்லிட்ட ஸ்டீல் வாளிக்குள், ஐந்து லிட்டர் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் ஆறும் என்று யோசித்துப் பாருங்கள்.

கையேடுகள் முழுசாக மறைக்கிற விஷயம் வேகம். பெரிய பண்ணைக் குழாய்கள் தேய்க்காமலே சுத்தமாவதற்குக் காரணம் சோப்பு மட்டுமில்லை. காற்றையும் தண்ணீரையும் மாற்றி மாற்றிச் செலுத்தி, தண்ணீர் கட்டி கட்டியாக மோதிப் பாய்ந்து போகும்படி அங்கே ஏற்பாடு இருக்கிறது. அந்த மோதல்தான் அவர்களுடைய பிரஷ். சின்னப் பம்பு இழுக்கும் தண்ணீர் ட்யூபின் அடியில் சாதுவாக நகர்ந்து போய் வாளியில் விழும். மேல் பாதி நனைவதே சந்தேகம். பண்ணைக் குழாய்க்கு எழுதிய வழிமுறையை இதற்கு அப்படியே போட்டால், சுத்தமான மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.

ஒரு கணக்கு போட்டேன். ஒரு சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள ஒரு மீட்டர் ட்யூப் இரண்டு. உள்பரப்பு சுமார் 630 சதுர சென்டிமீட்டர். 20 சென்டிமீட்டர் அகலமும் 16 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஐந்து லிட்டர் வாளியின் உள்பரப்பு சுமார் 1,300. அதாவது ட்யூப், வாளியில் பாதிகூட இல்லை. அளவு பிரச்சினையில்லை. வாளியின் ஒவ்வொரு இடமும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ட்யூபின் நடுப்பகுதி இரண்டுக்கும் எட்டாது. நீளமான ட்யூப் பிரஷ் இல்லாமல் மெஷின் விற்பதே தப்பு என்பேன். வளைவு இணைப்பு, டி வடிவ இணைப்பு, மூடியின் அடியிலுள்ள வாஷர், இவற்றையெல்லாம் கழற்ற முடியாதபடி ஒட்டியிருந்தால் அந்த மெஷினைத் தொடாதீர்கள்.

பிறகு அமிலம். பாலிலும் தண்ணீரிலும் உள்ள கால்சியம், பாஸ்பேட், புரதம் எல்லாம் சேர்ந்து பால்கல் என்று ஒரு படிவம் உண்டாகும். விரலால் தடவினால் சொரசொரப்பு. கிருமி அதற்கு அடியில் குடியிருக்கும், குளோரின் எட்டாது. அக்கா இருக்கும் பக்கம் சுண்ணாம்புப் பாறை. கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு கடினம், கெட்டிலிலேயே உப்பு படியும். அப்படிப்பட்ட இடத்தில் பாஸ்பாரிக் அமிலக் கழுவல் அவசியம். வினிகரைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு, நான் செய்ய மாட்டேன். லேசான படிவத்தை அது எடுக்கும். கொழுப்பை எடுக்காது. காரச் சோப்புக்குப் பதில் வினிகர் என்றால்தான் பிரச்சினை. பிளீச்சையும் வினிகரையும் ஒரே வாளியில் கலப்பதோ உயிருக்கே ஆபத்து. குளோரின் வாயு வரும். ஒன்றை முழுக்க அலசி விட்டுத்தான் மற்றது.

கிருமிநீக்கம் அடுத்த கறவைக்குச் சற்று முன்பு செய்ய வேண்டியது. ராத்திரியே பிளீச் தண்ணீர் விட்டு ஈரத்தோடு தொங்கவிட்டால் விடிவதற்குள் மிச்சமிருக்கும் கிருமிகள் பெருகிவிடும். பத்து லட்சத்துக்கு 100 முதல் 200 பங்கு குளோரின் போதும். ஆனா பால் மிச்சமிருக்கும் ட்யூபில் எவ்வளவு குளோரின் விட்டாலும் அந்தப் பாலே அதைத் தின்றுவிடும். அழுக்கைக் கிருமிநீக்கம் செய்ய முடியாது.

நம்ம ஊர் வாசகர் இந்த இடத்தில், "காய்ச்சிட்டா போச்சு, இதுக்கு ஏன் இவ்வளவு?" என்பார். பாதி நியாயம். காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் மடிநோயை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றான ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சூட்டில் பால் நின்றால் ஒரு நச்சை உண்டாக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு நிற்கும். மேலும் அமெரிக்க வீட்டு ஆட்டுக்காரர்களில் பலர் காய்ச்சுவதே இல்லை. பச்சையாகக் குடிப்பதுதான் ஆடு வளர்ப்பதன் பாதி நோக்கம் என்பார்கள். பிள்ளைகளுக்கும் அப்படியே கொடுக்கிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்தால் ருசி ஒன்றும் கெட்டுவிடாது. அவர்கள் கேட்க மாட்டார்கள் என்றால், அவர்களுடைய ட்யூப் என்னுடையதைவிடச் சுத்தமாக இருக்கணும்.

ருசியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டுப்பால் வாடை அடிக்கிறது என்று கிடாவைத் திட்டுவார்கள். கிடாவுக்கும் பங்குண்டு. ஆனால் கப்பில் காற்றுக் கசிந்து பாலோடு கலந்து ட்யூபில் அடித்துக்கொண்டு போனால் கொழுப்புத் துளிகளின் உறை உடையும்; பாலிலேயே இருக்கும் நொதி உள்ளே புகுந்து கொழுப்பை அமிலமாக வெட்டும். கேப்ராயிக், கேப்ரிலிக், கேப்ரிக் என்று ஆட்டின் லத்தீன் பெயரையே வாங்கிக்கொண்ட அமிலங்கள். கசியும் மெஷினின் பால் இரண்டாம் நாளே ஆட்டு வாடை அடிப்பதற்கு இது ஒரு காரணம்.

அக்கா ஒரு தோழியிடம் மெஷின் இரவல் வாங்கி ஒரு வாரம் கடிகாரம் வைத்துப் பார்த்தார். கையால்: இரண்டு ஆட்டுக்கு 14 நிமிடம், வாளியும் வடிகட்டியும் கழுவ 6. மொத்தம் 20. மெஷினில்: கறக்க 9, கழுவ 22. மொத்தம் 31. ஒரு ஆட்டுக்கு இரண்டரை நிமிடம் மிச்சம், கழுவ 16 நிமிடம் கூடுதல். ஆறேழு ஆட்டுக்குக் கீழே நேரம் மிச்சமாகாது. 'நேரத்தை மிச்சப்படுத்துங்கள்' என்ற விளம்பரத்தை இரண்டு ஆட்டுக்காரரிடம் காட்டுவது அப்பட்டமான பொய்.

இதைச் சொன்னதும் அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்: "நேரம் கிடக்கட்டும்டா, என் கைக்கு எது நல்லது?" நியாயமான கேள்வி. வலிக்கிற கைக்கு மெஷின் உண்மையான உதவி. அதை நேரக் கணக்கில் அடக்க முடியாது. ஆடுகளை விற்றுவிடுவதா, வைத்துக்கொள்வதா என்பது அவருக்கு இதில்தான் இருந்தது. என் பதில் இரண்டு பகுதி. பழைய இரட்டை அறை வாளி மெஷின், ஆட்டு கப்போடு, கேஜோடு. சின்னப் புதுப் பெட்டி வேண்டாம். இரண்டாவது, குட்டி போட்டு முதல் இரண்டு மூன்று மாதம் கழிந்ததும் ஒரு வேளைக் கறவைக்கு மாறுவது. தேக்க அறை பெரிசாக இருப்பதால் பசுவைவிட ஆடு இதை நன்றாகத் தாங்கும். பால் குறையத்தான் செய்யும். இரண்டு பேர் வீட்டுக்கு அது போதும், கழுவுவது நேர்பாதியாகிவிடும். நான் பார்த்த எந்த மெஷின் கையேடும் இந்த யோசனையைச் சொல்லவில்லை. சொன்னா மெஷின் பாதி நேரம் சும்மா கிடக்குமே.

லைனர் ஒன்று பாக்கி. அமெரிக்காவில் ரப்பர் லைனருக்கு 1,200 கறவை என்று ஒரு வழக்கமான கணக்கு உண்டு. இரண்டு ஆடு, இரண்டு வேளை, 305 நாள் என்றால் 1,220. ஒரு சீசன் முழுக்க ஓடலாம் போலத் தோன்றும். ஆனால் அந்தக் கணக்கு நாளுக்குப் பல மாடு கறக்கிற, சில வாரங்களில் அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிடுகிற பண்ணைக்கானது. வீட்டு லைனர் ஆடு பார்க்காத நேரத்திலும் கொழுப்பிலும் குளோரினிலும் ஊறி வெடிக்கிறது. வெடித்த லைனர் வழியாகப் பால் பல்சேட்டர் ட்யூபுக்குள் போகும். அந்தப் பக்கத்தை யாரும் கழுவுவதே இல்லை, பல்சேட்டருக்குள் தண்ணீர் விடவும் கூடாது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னேன். நடுவில் மாதம் ஒரு தடவை கழற்றி, வெளிச்சத்தில் இழுத்துப் பிடித்து, வாய்ப்பக்கம் மயிரிழை வெடிப்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பல்சேட்டர் ட்யூபை மூக்குக்கிட்ட கொண்டுபோய் முகர்ந்தும் பார்க்கலாம். புளிச்ச வாடை வந்தால் லைனர் ஏற்கெனவே போய்விட்டது.